குழாயா, பில்டரா, பாட்டிலா: எந்தத் தண்ணீருக்கு எது சரி?

தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர்கள் செய்துகாட்டும் வித்தை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்சவ்வு வழியாக அழுத்தி உப்பை நீக்கிய தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை முக்கி மின்சாரம் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி மேலே அழுக்கு நுரை திரளும். ஆர்.ஓ. தண்ணீர் பளிச்சென்று நிற்கும். "பாருங்கள், இதைத்தான் இத்தனை நாளும் குடித்திருக்கிறீர்கள்" என்பார்கள். அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை, கம்பியின் இரும்பு கரைந்து துருவாக மாறியது. குழாய்த் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் அதில் மின்சாரம் பாய்கிறது, கம்பி அரிக்கிறது. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது, கம்பியும் அரிக்காது. அவர்களுடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டிடிஎஸ் மீட்டரைக் காட்டி மிரட்டுவதும் ஏறக்குறைய இதே கதைதான். அந்தக் கருவி அளப்பது தண்ணீரின் மின்கடத்துதிறனை. அதை ஒரு எண்ணால் பெருக்கி 'லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த உப்பு' என்று காட்டுகிறது. 600-க்குக் கீழே இருந்தால் பொதுவாக நல்ல சுவை, 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சுவையை வைத்துத்தான். கிருமி, ஈயம், ஆர்சனிக், பூச்சிமருந்து எதையும் இந்த மீட்டர் கண்டுபிடிக்காது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்சனிக்தான் வரம்பு. அதைப்போல ஐந்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் எண் அசையாது. 40 காட்டும் தண்ணீரில் கிருமி இருக்கலாம், 450 காட்டும் தண்ணீர் குடிக்க அருமையாக இருக்கலாம்.

ஆகவே இயந்திரத்தைப் பிறகு பார்ப்போம். வீட்டுக்கு வரும் தண்ணீரில் என்ன கோளாறு, அல்லது கோளாறு எதுவும் உண்டா என்பதுதான் முதல் வேலை.

குழாய்த் தண்ணீரைப் படிப்பது

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். பால்போல வெளுத்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரம் கழித்து செம்மஞ்சளாக மாறினால் கரைந்த இரும்பு காற்றுபட்டுத் துருவாகிறது. காலையில் திறந்தவுடன் மட்டும் பழுப்பாக வந்து, கொஞ்சம் ஓடியதும் தெளிந்தால் உங்கள் வீட்டுக் குழாயே துருப்பிடித்திருக்கிறது. மண்வாசனையும் பாசி வாடையும் பெரும்பாலும் நீர்நிலையில் வளரும் பாசியும் நுண்ணுயிரிகளும் விடும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருபவை. மூக்குக்குத் தொல்லை, உடம்புக்கு இல்லை. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. சுடுதண்ணீரில் மட்டும் அந்த வாடை அடித்தால் ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியைச் சந்தேகியுங்கள்.

குளோரின் வாடையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அதிகம். ஆனால் குழாயில் வந்து சேரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருப்பது நல்ல அறிகுறி. வரும் வழியில் கிருமி சேர்ந்தாலும் சமாளிக்க அதில் மருந்து பாக்கியிருக்கிறது என்று பொருள். குளோரின் பட்டைத்தாளை முதலில் பொதுக்குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்திலும், பிறகு சமையலறையிலும் நனைத்துப் பாருங்கள். வாசலில் 0.4, உள்ளே பூஜ்யம் என்று வந்தால் இடையில் உள்ள தொட்டிதான் குற்றவாளி. தண்ணீர் அங்கே நாள்கணக்கில் தேங்குகிறது, அல்லது அடியில் சேறு படிந்திருக்கிறது. பில்டர் வாங்கும் முன் தொட்டியைக் கழுவுங்கள். கழுவிய பின் நிரப்பும் தண்ணீரில் 1000 லிட்டருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில், வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் கரைசலைக் கலந்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும். ஓர் இரவு வைத்திருந்து, எல்லாக் குழாய்களையும் திறந்து வெளியேற்றி, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசிவிட்டால் போதும்.

ஈயம் மட்டும் தனி ரகம். நிறமில்லை, வாடையில்லை, சுவையில்லை. பெரும்பாலும் நீர்நிலையிலிருந்து வருவதில்லை. பழைய ஈயக்குழாய், பற்றவைத்த இணைப்பு, பித்தளைக் குழாய்முனை ஆகியவற்றிலிருந்து கரைந்து வருகிறது. அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014-ல் நீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்காமல் விட்டதால்தான் வீடுவீடாக ஈயம் இறங்கியது. பழைய கட்டடத்தில் இருப்பவர்கள் காலையில் முதல் தண்ணீரைக் குடிப்பதற்கு எடுக்காமல் சில நிமிடம் ஓடவிட்டு, அதைக் கழுவவோ செடிக்கோ வைத்துக்கொள்ளலாம். சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து சமைக்கவோ குடிக்கவோ பிடிக்கவே வேண்டாம். சூடு ஈயத்தை இன்னும் வேகமாகக் கரைக்கும்.

கண்ணும் மூக்கும் சொல்லாததைப் பரிசோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். பட்டியல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை: ஈ.கோலி (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா), கலங்கல், நைட்ரேட், புளோரைடு, ஆர்சனிக், இரும்பு, கடினத்தன்மை, மொத்தக் கரைந்த உப்பு. பழைய குழாய் என்றால் ஈயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள்: நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம், புளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக்கும் ஈயமும் தலா 10 மைக்ரோகிராம், ஈ.கோலி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது பரிசோதனைக்கூடத்தில் கொடுக்கும் கிருமிநீக்கிய குப்பியைத்தான் பயன்படுத்த வேண்டும். குழாய்முனையின் வலையைக் கழற்றி, முனையைத் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. குளிரவைத்து அதே நாளில் கொண்டுபோய்ச் சேருங்கள். ஈயச் சோதனைக்கு இதற்கு நேர்மாறு. இரவெல்லாம் தேங்கிய முதல் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும்.

முடிவு எல்லாம் வரம்புக்குள் இருக்கிறதா? குழாய்த் தண்ணீரையே குடியுங்கள். வாடை பிடிக்கவில்லை என்றால் மூடிய ஜாடியில் சில மணி நேரம் குளிரவைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

கார்பன்: ஜாடியும் கழுவுதொட்டிக்கு அடியில் பொருத்துவதும்

ஊற்றி வடிக்கும் பில்டர் ஜாடியின் கார்ட்ரிட்ஜில் இரண்டு பொருள்கள் இருக்கும்: கார்பன் துகள், அயனி மாற்றும் பிசின். கார்பன் குளோரினையும் வாடையையும் பிடிக்கும். பிசின் சுண்ணாம்பைக் கொஞ்சம் குறைக்கும், ஓரளவு செம்பையும் ஈயத்தையும் பிடிக்கும். டீயின் மேல் ஆடைபோலப் படியும் படலம் இதனால் குறையும் என்பது உண்மை. கொள்ளளவு பெரும்பாலும் 100 முதல் 150 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 10 லிட்டர் ஊற்றினால் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். மூடியில் கண்சிமிட்டும் 'மாற்றவும்' விளக்கு பல ஜாடிகளில் நாட்களை மட்டும் எண்ணுகிறது, லிட்டரை எண்ணுவதில்லை. ஒருவர் இருவர் வசிக்கும் வீட்டுக்கு ஜாடி பரவாயில்லை. பெரிய குடும்பத்துக்கு வீண்செலவு.

அதைவிடப் பல மடங்கு மேல், கழுவுதொட்டிக்கு அடியில் பொருத்தும் கார்பன் பிளாக். கார்பன் பொடியை அழுத்திக் கட்டியாக்கியது என்பதால் தண்ணீர் இடுக்கு வழியாக நழுவ முடியாது. 0.5 மைக்ரான் பிளாக் என்றால் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளையும் தடுக்கும். இவை குளோரினுக்குச் சாவதில்லை. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் நோயுற்றது இதனால்தான். பெட்டியில் 'நாமினல்' என்று போட்டிருக்கிறதா, 'அப்சொல்யூட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நாமினல் என்பது அந்த அளவுத் துகள்களில் பெரும்பகுதியைத் தடுக்கும் என்கிற உத்தரவாதம் மட்டுமே. என்எஸ்எப் என்பது பில்டர்களைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு. அதன் 'என்எஸ்எப் 42' முத்திரை குளோரினுக்கும் சுவைக்கும், '53' ஈயம், ஒட்டுண்ணி போன்ற உடல்நலம் சார்ந்தவற்றுக்கு, '58' ஆர்.ஓ.வுக்கு, '55' புற ஊதாவுக்கு. 53 முத்திரை இருந்தாலும் எந்தப் பொருளுக்காகக் கிடைத்தது என்று அதே மாடலின் தாளில் பார்க்க வேண்டும். 'தரத்துக்கேற்பச் சோதிக்கப்பட்டது' என்ற வாசகம் சான்றிதழ் ஆகாது.

கார்பன் செய்யாதவை: உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், புளோரைடு. இவை நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும். இன்னொரு சிக்கல், குளோரினை எடுத்துவிடுவதால் பிளாக்குக்குப் பின்னால் உள்ள ஈரப்பரப்பில் நுண்ணுயிர் குடியேறத் தடையே இல்லை. ஆறு மாதம் என்று போட்டிருந்தால் ஆறு மாதம்தான், தண்ணீர் இன்னும் நன்றாக வருகிறதே என்று ஒன்றரை வருடம் ஓட்டக்கூடாது. புதிதாகப் போட்டதும் கறுப்புப் பொடி வரும். பத்து நிமிடம் ஓடவிட்டால் போய்விடும். பிளாக் இருக்கும் குடுவையை மாட்டும்போது ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் மெலிதாகத் தடவுங்கள். பெட்ரோலிய ஜெல்லி ரப்பரை ஊதவைத்துவிடும். கையால் இறுகும்வரை திருகி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். ஒழுகினால் இன்னும் இறுக்காதீர்கள். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஓ-ரிங் பள்ளத்தைவிட்டு விலகியோ முறுக்கியோ இருக்கும்.

கிருமிதான் பிரச்சினை, உப்பு இல்லை என்றால் யுவி (புற ஊதாக் கதிர் விளக்கு) அல்லது யுஎப் (நுண்துளைச் சவ்வு). யுஎப் சவ்வுக்கு மின்சாரம் வேண்டாம், பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் பிடித்து வைக்கும். வைரஸை நம்பிக்கையாகத் தடுக்க யுவி வேண்டும். யுவி விளக்கின் ஆயுள் சுமார் 9000 மணி நேரம், அதாவது விடாமல் எரிந்தால் ஒரு வருடம். அதற்குப் பிறகும் நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும், கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் மட்டும் குறைந்திருக்கும். எரிகிறதே என்று விட்டுவைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் சுண்ணாம்பு படிந்தாலும் அதே கதிதான். வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் போகும். கலங்கல் தண்ணீரில் கிருமி துகளின் நிழலில் ஒளிந்துகொள்ளும், அதனால் முன்னால் 5 மைக்ரான் வடிகட்டி கட்டாயம்.

ஆர்.ஓ.: தேவைப்பட்டால் மாற்று இல்லை, தேவையில்லாவிட்டால் வெட்டிச்செலவு

கரைந்த உப்பு 1000-க்கு மேல், அல்லது நைட்ரேட், புளோரைடு, ஆர்சனிக் வரம்புக்கு மேல். இந்த நான்கில் ஒன்று பரிசோதனைத் தாளில் இருந்தால் ஆர்.ஓ. வாங்குங்கள். இல்லாவிட்டால் அதற்கு வேலையில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு வழக்கமான வீட்டு இயந்திரம் மூன்று, நான்கு லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். புதிய டாங்க் இல்லாத மாடல்கள் இதை ஒன்றுக்கு ஒன்று வரை குறைத்திருக்கின்றன. கழிவுநீரைத் துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். செடிக்கு ஊற்றினால் நாளடைவில் மண்ணில் உப்பேறும்.

தண்ணீர் போகும் பாதை இது: மண்ணையும் துகளையும் பிடிக்கும் செடிமென்ட் வடிகட்டி, கார்பன், உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பரேன், சேமிப்பு டாங்க், கடைசியாக இன்னொரு கார்பன். மெம்பரேனுக்கு முன்னால் கார்பன் இருப்பது சுவைக்காக இல்லை. குளோரின் பட்டால் மெம்பரேன் அரித்துப் போகும். முன்வடிகட்டிகளை மாற்றாமல் மெம்பரேனை மட்டும் மாற்றுகிறவர்கள் அடுத்த மெம்பரேனையும் சீக்கிரமே மாற்றுவார்கள்.

மெம்பரேன் வேலை செய்கிறதா என்று பார்க்க டிடிஎஸ் மீட்டர் உண்மையிலேயே உதவும் (அது பிறந்த பயனே இதற்குத்தான்). உள்ளே 400, வெளியே 30 என்றால் 92.5 சதவீதம் நீக்குகிறது, நன்று. 80-க்குக் கீழே இறங்கினால் மெம்பரேன் முடிந்தது, பொதுவாக இரண்டு மூன்று வருடத்தில். அளக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். இயந்திரம் இரவெல்லாம் நின்றிருந்தால் முதல் தண்ணீரில் எண் கூடுதலாகக் காட்டும், சில நிமிடம் ஓடவிட்டு அளக்க வேண்டும். அடுத்தது, டிடிஎஸ் திருகு. சுவைக்காக என்று சொல்லிப் பல இயந்திரங்களில் வைத்திருக்கும் இந்தத் திருகு, மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கொண்டுவந்து கலக்கிறது. ஆர்சனிக்குக்காகவோ புளோரைடுக்காகவோ ஆர்.ஓ. வாங்கியவர் இந்தத் திருகைத் திறந்துவைத்தால், விலைகொடுத்து வெளியேற்றியதை அவரே திரும்ப உள்ளே விடுகிறார். சுவை சப்பென்று இருந்தால் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) நிரப்பிய கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கடைசியில் சேருங்கள். ஆர்சனிக் விஷயத்தில் இன்னொன்று: அதில் இருவகை உண்டு, மூன்றிணைதிறன் வகையை ஆர்.ஓ. அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. பொருத்திய பின் வெளிவரும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதனைக்கூடத்தில் சோதித்தால்தான் நிம்மதி.

அழைக்கும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடிய பழுதுகள் சில. டாங்க் கனமாக இருக்கிறது, ஆனால் ஒரு டம்ளர் வேகமாக வந்து பிறகு நூலாக ஒழுகுகிறது என்றால் டாங்கின் காற்று இறங்கிவிட்டது. தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, சைக்கிள் பம்பால் 7 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடியுங்கள். டாங்க் நிரம்பிய பிறகும் கழிவுக்குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் செக் வால்வோ தானியங்கி அடைப்பு வால்வோ கெட்டிருக்கிறது. கழிவு மிகவும் குறைந்து நல்ல தண்ணீரில் உப்பு ஏறினால் கழிவுக்குழாயின் தடுப்பான் அடைத்திருக்கிறது, விட்டால் மெம்பரேனில் சுண்ணாம்பு கட்டும். குளிர்காலத்தில் மெதுவாக நிரம்புவது பழுதே இல்லை. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் உற்பத்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும்.

பாட்டிலும் பெரிய கேனும்

பாட்டில் என்றால் ஊற்று நீர் என்ற நினைப்பை முதலில் கைவிட வேண்டும். பல பிராண்டுகள் ஊராட்சிக் குழாய்த் தண்ணீரையே ஆர்.ஓ. செய்து அடைப்பவை. பெப்சி நிறுவனத்தின் அக்வாபினா அமெரிக்க லேபிளில் பொது நீர் ஆதாரம் என்று வெளிப்படையாகப் போட 2007-ல் ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் 2004-ல் அறிமுகமான கோகோ-கோலாவின் டசானி, அளவுக்கு மேல் புரோமேட் என்ற தீங்கான வேதிப்பொருள் இருந்ததால் சில வாரங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. கிருமி நீக்க ஓசோன் வாயுவைச் செலுத்தும்போது தண்ணீரில் உள்ள புரோமைடு இப்படிப் புரோமேட்டாக மாறும். உண்மையான ஊற்று நீரும் தப்பவில்லை. 1990-ல் பென்சீன் கலப்பால் பிரான்சின் பெரியே நிறுவனம் உலகெங்கும் 16 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. இவை பாட்டில் ஆபத்தானது என்பதற்கான சாட்சி இல்லை, குழாயைவிடத் தூய்மை என்பதற்கான உத்தரவாதம் எதுவும் கிடையாது என்பதற்கான சாட்சி. 2024-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மூன்று பிராண்டுகளின் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. உடம்பில் அவை என்ன செய்யும் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

வாங்குவதென்றால் லேபிளில் 'மொத்த உலர் எச்சம்', 'சோடியம்' இரண்டையும் படியுங்கள். இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைத்திருப்பவர்களுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம் உள்ளது தோது. வெயிலிலும் காருக்குள்ளும் கிடந்த பாட்டில் வேண்டாம், சூட்டில் பெட் பிளாஸ்டிக்கிலிருந்து ஆன்டிமனி கூடுதலாக இறங்கும். பெட்ரோல், பெயின்ட் அருகில் வைத்தால் அந்த வாடை பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி உள்ளே போகும்.

20 லிட்டர் கேனில் தண்ணீரைவிடக் கேனும் டிஸ்பென்சரும்தான் கவலை. கேன் திரும்பத் திரும்பக் கழுவி நிரப்பப்படுவது. உட்சுவரில் கீறல் நிறைய, பச்சை நிறச் சாயல், மூடியின் சுருக்குப் படலம் தளர்வு, இதில் ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். டிஸ்பென்சரை மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும்: 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத பிளீச், உள்தொட்டியிலும் குழாய்முனைகளிலும் ஐந்து நிமிடம் நிற்கவிட்டு, வாடை போகும்வரை நாலைந்து முறை அலசல். கேனைக் கவிழ்க்கும் முன் அதன் கழுத்தைத் துடைப்பது பலர் மறப்பது. அந்தக் கழுத்து முழுவதும் தண்ணீருக்குள்தான் முங்கியிருக்கப் போகிறது.

நம் தீர்ப்பு: பரிசோதனை சுத்தமாக வந்த வீட்டுக்குக் குழாய், விருப்பப்பட்டால் கார்பன் பிளாக். தொட்டியில் தேங்கும் தண்ணீருக்கு, தொட்டியைக் கழுவிய பிறகும் ஈ.கோலி வந்தால், கார்பனோடு யுவி. உப்புத் தண்ணீருக்கும் புளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் உள்ள இடத்துக்கும் ஆர்.ஓ. பாட்டில் தண்ணீர் வெள்ளம், குழாய் உடைப்பு போன்ற நாட்களுக்கான இருப்பு. ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், மூன்று நாளைக்கு. அதுவும் தீர்ந்தால் தெளிந்த தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம்: தளதளவென்று ஒரு நிமிடம், கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். கொதிப்பு கிருமியை மட்டுமே கொல்லும். நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பது ஆபத்து. நீராவி போகப்போக நைட்ரேட்டின் செறிவு கூடும், குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுக்கும்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரத்துக்கு மேல் போய்வந்தால், ஜாடி கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடுங்கள், கார்பன் பிளாக்கைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், ஆர்.ஓ. டாங்கை இரண்டு முறை நிரப்பி வடியுங்கள். மூன்றாவது நிரப்பலிலிருந்து குடிக்கலாம்.